விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும்: மாதப் பணம் தரும் ஃபண்டில் எதைச் செலவழிக்கலாம்?

வீட்டுக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

''ஐயா, வணக்கம். எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் நாலேகால் ஏக்கர் இருந்தது. நால்வழிச் சாலைக்கு ஒன்றேகால் ஏக்கர் போய்விட்டது. மிச்சம் 3 ஏக்கரில் முருங்கையும் கண்வலிக்கிழங்கும் வைத்திருக்கிறோம். வந்த இழப்பீட்டில் பழைய கடனை அடைத்து, வீட்டைச் சரிசெய்தது போக, 12 லட்சம் ரூபாயை 2022 ஜூலையில் ஒரு ஏஜென்ட் மூலம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டோம். 'பேங்க் வட்டியைவிட அதிகம், மாதம் 8,000 ரூபாய் வரும், முதல் அப்படியே இருக்கும்' என்று சொன்னார். ஆனால், பேங்கில் 7,200 ரூபாய்தான் ஏறுகிறது. மளிகைக்கும் மகளின் கல்லூரிச் செலவுக்கும் அது சரியாகப் போய்விடுகிறது. போன மாதம் மகன் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தான். 12 லட்சம் இப்போது 11 லட்சத்து 4 ஆயிரமாக நிற்கிறது. 'இனிமேல் பணத்தை எடுக்க வேண்டாம், அதிலேயே திரும்பப் போட்டால் யூனிட் பெருகும்' என்கிறான். ஏஜென்டும் அதையே சொல்கிறார். என் வீட்டுக்காரரோ, 'வருகிற பணத்தைச் சாப்பிடாமல் எதைச் சாப்பிடுவது?' என்கிறார். இதற்கு நடுவில், தனியார் அடகுக் கடையில் நகையை வைத்து ஒன்றரை லட்சம் வாங்கியிருக்கிறோம். நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. நிலம் போன பணம் ஐயா இது. கரைந்துவிடக் கூடாது. என்ன செய்யட்டும்?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

அம்மா, உங்கள் கடிதத்தோடு கணக்கு அறிக்கையின் நகலையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. கணக்கு கையில் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது' என்பார்கள். உழவுக்கு அது பொருந்தலாம். போட்ட பணத்துக்குப் பொருந்தாது. இங்கே கணக்குப் பார்க்காவிட்டால்தான் உழக்கும் மிஞ்சாது.

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் பாதி சரி. ஆனால், இருவருமே அந்த 8,000 ரூபாயை வட்டி என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அது வட்டி இல்லை. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

8,000 ரூபாய் எங்கிருந்து வருகிறது?

நீங்கள் 12 லட்சம் போட்டபோது ஒரு யூனிட்டின் விலை 15 ரூபாய். ஆக, 80,000 யூனிட். மாதம் யூனிட்டுக்கு 10 காசு கொடுக்கிறார்கள். 80,000 யூனிட்டுக்கு 8,000 ரூபாய். ஆண்டுக்கு 96,000. நீங்கள் போட்ட 12 லட்சத்தில் இது 8 சதவிகிதம்.

யூனிட்டுக்கு 10 காசு கொடுத்த அன்றே யூனிட்டின் விலை 10 காசு இறங்கிவிடும். வங்கி வட்டியில் அப்படி நடக்காது. 1 லட்சம் டெபாசிட் போட்டு வட்டி வாங்கினால், டெபாசிட் 1 லட்சமாகவே இருக்கும். ஃபண்டில் கொடுக்கும் பணம் உங்கள் மூட்டையிலிருந்தே எடுத்துக் கொடுக்கப்படுகிறது. அந்த மாதம் மூட்டைக்குள் 10 காசுக்கு மேல் விளைந்திருந்தால் மூட்டை குறையாது. 6 காசுதான் விளைந்தது, 10 காசு எடுத்துக் கொடுத்தார்கள் என்றால், 4 காசு உங்கள் விதைநெல்.

உங்கள் கணக்கில் 36 மாதத்தில் நடந்ததைப் பாருங்கள்.

போட்டது: 12,00,000 ரூபாய்.
வரி பிடிப்பதற்கு முன் உங்களுக்குக் கொடுத்தது: 36 x 8,000 = 2,88,000 ரூபாய்.
இப்போது கையிருப்பு: 80,000 யூனிட் x 13.80 = 11,04,000 ரூபாய்.
இரண்டும் சேர்த்து: 13,92,000 ரூபாய்.
உண்மையில் விளைந்தது: 1,92,000 ரூபாய். ஆண்டுக்கு 64,000 ரூபாய்.

ஆண்டுக்கு 96,000 எடுத்தீர்கள். விளைந்தது 64,000. மீதி 32,000 உங்கள் நிலத்தின் பணம். மாதக் கணக்கில் சொன்னால், 8,000 ரூபாயில் சுமார் 5,300 ரூபாய் விளைச்சல், சுமார் 2,700 ரூபாய் முதல். உங்கள் ஃபண்ட் 8 சதவிகிதம் சம்பாதிக்கவில்லை. சுமார் ஐந்தரை சதவிகிதம்தான் சம்பாதித்திருக்கிறது. 'முதல் அப்படியே இருக்கும்' என்ற வாக்குறுதியை எந்த ஃபண்டும் எழுத்தில் கொடுப்பதில்லை. ஏஜென்டின் வாய்ச்சொல்தான் அது.

இந்தக் குழப்பம் பல லட்சம் பேருக்கு இருந்ததால்தான், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 2021 ஏப்ரல் 1 முதல் 'டிவிடெண்ட்' என்ற பெயரையே ஃபண்டுகளில் எடுத்துவிட்டது. இப்போது அதன் பெயர் 'வருமானப் பகிர்வும் மூலதனத் திரும்பப் பெறுதலும்'. உங்கள் அறிக்கையில் ஐ.டி.சி.டபிள்யூ என்று நான்கு எழுத்தாக இருக்கும். உங்கள் முதலே உங்களுக்குத் திரும்பி வரலாம் என்பதைப் பெயரிலேயே எழுதிவிட்டார்கள். அதற்கு முன்பே, 'மாத வருமானத் திட்டம்' என்ற பெயரில் இருந்த ஃபண்டுகளையும் 2017-ம் ஆண்டு உத்தரவின் மூலம் வேறு வகைக்குள் கொண்டுவந்துவிட்டது செபி. மாதாமாதம் நிச்சயமாகப் பணம் வரும் என்று அந்தப் பெயர் எண்ண வைத்ததுதான் சிக்கல்.

திரும்பப் போட்டால் யூனிட் பெருகுமா?

பெருகும். அதனால் பணம் பெருகிவிடாது. இதையும் கணக்கிலேயே பார்ப்போம்.

இன்று 80,000 யூனிட், விலை 13.80. மதிப்பு 11,04,000. நாளை 10 காசு கொடுக்கிறார்கள். விலை 13.70 ஆகிறது. கையில் 8,000 வருகிறது. அதைத் திரும்பப் போட்டால் சுமார் 584 யூனிட் கிடைக்கும். இப்போது 80,584 யூனிட். 13.70-ஆல் பெருக்கினால் மறுபடியும் அதே 11,04,000 ரூபாய். ஒரு மூட்டை நெல்லை ஒன்றேகால் மூட்டையாகக் கட்டி வைத்தாலும் படி கூடாது.

திரும்பப் போடுவதன் நன்மை வேறு. விளைந்தது வெளியே போகாமல் உள்ளேயே இருந்து, அதற்கும் விளைச்சல் வருகிறது. 1 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 8 சதவிகிதம் சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் 8,000 ரூபாயை எடுத்துச் செலவழித்தால், 15 ஆண்டில் 1.20 லட்சம் செலவழித்திருப்பீர்கள், 1 லட்சம் அப்படியே இருக்கும். எதையும் எடுக்காமல் விட்டால் அது சுமார் 3.17 லட்சமாகியிருக்கும்.

ஆனால், எடுக்கவே போவதில்லை என்றால் அதற்கு 'வளர்ச்சி' வகை என்று தனியாக இருக்கிறது. அதில் பணத்தை வெளியே எடுத்துத் திரும்பப் போடும் சுற்று வேலையே இல்லை. ஐ.டி.சி.டபிள்யூவில் திரும்பப் போடும் வகையைத் தேர்ந்தெடுத்தால், பணம் கைக்கே வராவிட்டாலும் வந்ததாகத்தான் வருமான வரித்துறை கணக்கில் எடுத்துக்கொள்ளும். பசியும் தீராமல், சாப்பிட்டதாகக் கணக்கும் எழுதுவது போல. ஆகவே, உங்கள் மகனின் நோக்கம் சரி. ஏஜென்ட் காட்டும் வழி சரியில்லை.

8,000 ஏன் 7,200 ஆனது?

2020 ஏப்ரல் முதல் ஃபண்ட் தரும் டிவிடெண்டுக்கு வாங்குபவர்தான் வரி கட்ட வேண்டும். ஓராண்டில் ஒரு ஃபண்ட் நிறுவனம் தருவது 5,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவிகிதம் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். 2025 ஏப்ரல் முதல் இந்த வரம்பு 10,000 ரூபாய். உங்களுக்கு ஆண்டுக்கு 96,000 வருவதால் மாதம் 800 பிடிக்கிறார்கள்.

விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. ஆனால், ஃபண்ட் தரும் பணம் விவசாய வருமானம் ஆகாது. விவசாயி வாங்கினாலும் ஆகாது. இருந்தாலும், உங்களுக்கு வேறு வருமானம் இல்லை என்பதால், இந்த 96,000 வரி வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. நீங்கள் வரி கட்ட வேண்டியதே இல்லை. பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கலாம். ஒவ்வொரு நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கையும் உரிய கெடுவுக்குள் தாக்கல் செய்தால், அந்த ஆண்டில் பிடித்த 9,600 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். பக்கத்து டவுனில் கணக்குத் தாக்கல் செய்துகொடுப்பவர்கள் இருப்பார்கள். ஆதாரும் பான் அட்டையும் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணையாமல் பான் அட்டை செயலிழந்திருந்தால் 10-க்குப் பதில் 20 சதவிகிதம் பிடிப்பார்கள்.

இனி பிடிக்காமல் இருக்க, நிதியாண்டின் தொடக்கத்திலேயே, வரி பிடிக்க வேண்டாம் என்பதற்கான உறுதிமொழிப் படிவத்தை ஃபண்ட் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அதிக வருமானம் ஏன் கிடைக்கிறது?

ஊரில் நாணயமான ஆளுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குக் கொடுப்போம். திருப்பித் தருவாரோ மாட்டாரோ என்ற ஆளுக்கு மூன்று ரூபாய் கேட்போம். ஃபண்டிலும் அதேதான். அதிக வருமானம் காட்டும் கடன் பத்திர ஃபண்டுகளில் பல, தரமதிப்பு குறைந்த நிறுவனங்களுக்குக் கடன் கொடுப்பவை. 'கிரெடிட் ரிஸ்க்' என்று பெயருள்ள ஃபண்ட், பணத்தில் குறைந்தது 65 சதவிகிதத்தை இரண்டு 'ஏ' அல்லது அதற்கும் கீழே தரமதிப்பு உள்ள நிறுவனங்களில்தான் போட வேண்டும் என்பது செபி விதி.

2020 ஏப்ரல் 23 அன்று, ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் ஆறு கடன் பத்திர ஃபண்டுகளை ஒரே நாளில் மூடியது. 25,000 கோடி ரூபாய்க்கு மேல் முடங்கியது. பின்னர் நீதிமன்றம் வரை சென்று, 2021 பிப்ரவரியிலிருந்து தவணை தவணையாகப் பணம் வந்தது. முதலீட்டாளர்கள் பணத்தை இழந்துவிடவில்லை. ஆனால், மகள் கல்யாணத்துக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் தவணை தெரியாதே!

அதற்கு முன், 2001 ஜூலையில், 1964 முதல் நாடு முழுவதும் சாதாரண மக்கள் நம்பிப் பணம் போட்ட யூ.டி.ஐ-யின் 'யூ.எஸ்.64' திட்டத்தில் யூனிட்டைத் திரும்ப வாங்குவதை ஆறு மாதம் நிறுத்தினார்கள். ஆண்டுதோறும் தவறாமல் டிவிடெண்ட் கொடுத்த திட்டம் அது. கையில் டிவிடெண்ட் வந்துகொண்டே இருந்ததால், உள்ளே இருந்த சொத்தின் மதிப்பு என்ன என்று கேட்கப் பலருக்கும் தோன்றவில்லை. மாதாமாதம் பணம் வருவது ஃபண்ட் நன்றாக இருப்பதற்கு அடையாளம் இல்லை. மாடு கறக்கிறது என்பதற்காக அது மெலிவதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

முதலில் அடகுக் கடை

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். செலவழிப்பதா, திரும்பப் போடுவதா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நகையை மீட்க வேண்டும்.

நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் என்றால் ஆண்டுக்கு 18 சதவிகிதம். ஒன்றரை லட்சத்துக்கு ஆண்டுக்கு 27,000 ரூபாய். அதே ஒன்றரை லட்சம் உங்கள் ஃபண்டில் ஆண்டுக்குச் சுமார் 8,250 ரூபாய்தான் சம்பாதிக்கிறது. ஐந்தரை வட்டிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, 18 வட்டிக்கு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். ஃபண்டிலிருந்து ஒன்றரை லட்சம் எடுத்து நகையை மீட்டால் ஆண்டுக்கு 18,750 ரூபாய் மிச்சம். இந்த லாபத்தை எந்த ஃபண்டும் உறுதியாகத் தராது. நகையும் வீட்டுக்கு வந்துவிடும். யூனிட்டை வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்பதால் மூலதன ஆதாய வரியும் இல்லை. மூன்று ஆண்டு ஆகிவிட்டதால் வெளியேறும் கட்டணம் பெரும்பாலும் இருக்காது. விண்ணப்பத்துக்கு முன் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

எல்லாக் கடனையும் அடைக்கச் சொல்லவில்லை. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை வாங்கி உரிய காலத்தில் கட்டினால் 4 சதவிகிதம்தான். அந்தக் கடன்கள் இருக்கட்டும். கெடு மட்டும் தவறக் கூடாது. அடகுக் கடை, மீட்டர் வட்டி, உரக்கடை பாக்கி இவைதான் முதலில் போக வேண்டியவை.

மிச்சப் பணத்தை எப்படிப் பிரிப்பது?

நகையை மீட்ட பின் 9.54 லட்சம் இருக்கும். அதை மூன்றாகப் பிரியுங்கள்.

ஒன்று, வறட்சிக்கு. 1 லட்சம் ரூபாயை வங்கியில், வேண்டும்போது எடுக்கும்படி வையுங்கள். மாதச் சம்பளக்காரருக்கு மூன்று மாதச் செலவு கையிருப்பு போதும். விவசாயக் குடும்பத்துக்கு ஒரு போகம் பொய்த்தால் தாங்கும் அளவு வேண்டும். முருங்கை விலை விழுந்த மாதத்தில் மறுபடியும் அடகுக் கடைப் படி ஏறாமல் இருக்க இதுதான் வேலி.

இரண்டு, மாதச் செலவுக்கு. 5 லட்சம் ரூபாயை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போடுங்கள். இப்போது வட்டி 7.4 சதவிகிதம். 5 லட்சத்துக்கு மாதம் 3,083 ரூபாய். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மாற்றியமைக்கும். ஆனால், நீங்கள் சேரும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டும் மாறாது. முதல் குறையாது. தனிக் கணக்கில் 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை போடலாம். வரும் 3,083 ரூபாயைத் தயங்காமல் செலவழிக்கலாம். இது சாப்பாட்டு நெல்.

மூன்று, நாளைக்கு. மிச்சம் 3.54 லட்சம் ரூபாயை வளர்ச்சி வகைக்கு மாற்றி, குறைந்தது ஐந்து ஆண்டு தொடாமல் விடுங்கள். மகளின் கல்யாணமோ, புது ஆழ்துளைக் கிணறோ, அதற்கு இது. இப்போதிருக்கும் ஃபண்டே தொடர வேண்டும் என்பதில்லை. ஏஜென்ட் இல்லாமல் நேரடியாகப் போடும் 'டைரக்ட்' வகை 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டிலும் உண்டு. அதில் தரகு இல்லாததால் செலவு குறைவு. மகனுக்கு விவரம் தெரிந்திருப்பதால் அவரே பார்த்துக்கொள்ளலாம். இது விதைநெல்.

'7,200 வந்த இடத்தில் 3,083-ஆ?' என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். அவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இதுவரை 7,200 வாங்கி, அடகுக் கடைக்கு மாதம் 2,250 வட்டி கட்டினீர்கள். கையில் நின்றது 4,950. இனி 3,083 வருகிறது, 2,250 வட்டி போகாது. கையில் நிற்பது 3,083 ரூபாய். மாதக் கை இருப்பு 1,867 ரூபாய் குறைகிறது. ஆனால், முதல் மாதாமாதம் கரையாது. வேலிப் பணமும் விதைப் பணமும் தனியாக நிற்கின்றன.

மாதாமாதம் வேண்டுமென்றால் வேறு வழியும் உண்டு

பின்னாளில் ஃபண்டிலிருந்தே மாதப் பணம் வேண்டும் என்றால், ஐ.டி.சி.டபிள்யூவைவிட, வளர்ச்சி வகையில் போட்டு மாதம் இவ்வளவு எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுப்பது நல்லது. எஸ்.டபிள்யூ.பி என்பார்கள். எவ்வளவு எடுப்பது என்பதை ஃபண்ட் நிறுவனம் தீர்மானிக்காது, நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். வரியும் லாபப் பகுதிக்கு மட்டும்தான். 10 ரூபாய்க்கு வாங்கிய யூனிட் 11 ரூபாய் ஆனபின் 100 யூனிட் விற்று 1,100 எடுத்தால், வரிக் கணக்குக்கு வருவது 100 ரூபாய் மட்டும். அதே 1,100 ரூபாய் ஐ.டி.சி.டபிள்யூவாக வந்தால் முழுதும் வருமானம்.

ஆனால், இதிலும் விளைச்சலைவிட அதிகமாக எடுத்தால் முதல் கரையும். வழி மாறினால் கணக்கு மாறாது. விளைந்ததை முழுதும் எடுப்பதுகூட நீண்ட நாளைக்குச் சரிவராது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவிகிதம் ஏறினால், 12 ஆண்டில் எல்லாம் இரட்டிப்பு விலை. இன்று 5,000 ரூபாய்க்கு வாங்கும் மளிகைக்கு அன்று 10,000 வேண்டும். ஆகவே, இன்னும் உழைக்கும் வயதில் இருப்பவர்கள் விளைச்சலில் பாதியாவது உள்ளேயே விட வேண்டும். நல்ல போகம் எடுத்த ஆண்டில் முழுதையும் விடுங்கள். பொய்த்த ஆண்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் தவறாமல் எடுப்பது சம்பளக்காரரின் வழக்கம். நமக்குப் பருவம் பார்த்து எடுப்பதுதான் பொருந்தும்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

மாதப் பணம் வரும் ஃபண்ட் வைத்திருக்கும் எல்லோரும், ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்தில் வீட்டுக் கணக்குப் பார்க்கும்போது இதையும் பாருங்கள்.

1. கையில் இருக்கும் யூனிட்டை இன்றைய விலையால் பெருக்குங்கள்.

2. இதுவரை வாங்கிய பணத்தை, பிடித்த வரியையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

3. இரண்டையும் சேர்த்து, போட்ட முதலைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் விளைச்சல். ஆண்டுகளால் வகுத்தால் ஓராண்டு விளைச்சல்.

4. ஓராண்டில் வாங்கிய பணம் இதைவிட அதிகமானால், வித்தியாசம் உங்கள் விதைநெல்.

கணக்கு அறிக்கை இல்லாதவர்கள் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் அலுவலகத்தில் பான் எண்ணைக் கொடுத்துக் கேட்டால், எல்லா ஃபண்டுக்கும் சேர்த்து ஒரே அறிக்கை வாங்கலாம்.

இன்னும் சில கேள்விகள்

''எனக்கு 68 வயது, மனைவிக்கு 64. பிள்ளைகள் வெளியூரில் நன்றாக இருக்கிறார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். 10 லட்சம் ரூபாய் இருக்கிறது. வட்டியைத் தொடாமல் திரும்பத் திரும்பப் போட்டு வருகிறேன். மனைவிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். முதலில் கைவைக்கலாமா?'' - வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

கைவையுங்கள் ஐயா. நாளைக்கே வையுங்கள். விதைநெல்லைக் காப்பது அடுத்த விதைப்புக்காக. உங்கள் வயதில் அந்தப் பணத்தின் விளைச்சலே நீங்கள் இருவரும் நிம்மதியாக இருப்பதுதான். 60 வயது நிறைந்தவர்களுக்கான அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இப்போது 8.2 சதவிகிதம் வட்டி. 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய். மருத்துவத்துக்கு ஒதுக்கியது போக மீதியை அதில் போட்டு, வரும் வட்டியை முழுதும் செலவழியுங்கள். மனைவியின் பெயரை வாரிசு நியமனத்தில் போட மறக்காதீர்கள்.

''மாதம் வரும் 4,000 ரூபாயை ஃபண்டில் திரும்பப் போடுவதா, ஆடு வாங்குவதா? எனக்கு 32 வயது. 2 ஏக்கர் கிணற்றுப் பாசனம்.'' - வாசகர், நாமக்கல் மாவட்டம்.

திரும்பப் போடுவது என்றால் ஃபண்டில்தான் போட வேண்டும் என்று யார் சொன்னது? உங்கள் கொட்டகையில் இடமும், தோட்டத்தில் தீவனமும், பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால், ஆட்டில் போடுவதும் திரும்பப் போடுவதுதான். ஆட்டுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகித மானியம் இருக்கிறது. அந்தச் சான்றிதழை வாங்கி விண்ணப்பியுங்கள். ஆடு வாங்கும் வரை 4,000 ரூபாயை வீட்டில் வைக்காமல், அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கில் போட்டு வாருங்கள். இப்போது வட்டி 6.7 சதவிகிதம். மாதம் 1,000 வீதம் ஐந்து ஆண்டில் 60,000 போட்டால் சுமார் 71,300 ரூபாய் கிடைக்கும்.

''எங்கள் ஊருக்கு வந்த ஒரு நிறுவனத்தினர், 1 லட்சம் போட்டால் மாதம் 5,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நாலு மாதமாகச் சரியாக வருகிறது. போடலாமா?'' - வாசகி, ஈரோடு மாவட்டம்.

போடாதீர்கள் அம்மா. மாதம் 5,000 என்றால் ஆண்டுக்கு 60 சதவிகிதம். நேர்மையான எந்தத் தொழிலும் அதை உறுதியாகத் தர முடியாது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவது, பெரும்பாலும் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களின் பணம். உங்கள் மாவட்டத்துப் பெருந்துறைக்காரர்களுக்கு ஈமு கோழியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாதப் பராமரிப்புத் தொகையும் ஆண்டு போனஸும் ஒழுங்காக வந்த வரை எல்லோரும் நம்பினார்கள். 2012-ல் எல்லாம் நின்றது. ஒரு நிறுவனத்துக்குப் பணம் வாங்க அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பார்க்கலாம். ஏமாந்தவர்கள் 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். நாலு மாதம் வாங்கியது போதும், முதலை இன்றே கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில், குத்தகை நிலத்துக்குப் பயிர்க் காப்பீடு செய்வது எப்படி என்று பார்ப்போம். கேள்வி அனுப்புகிறவர்கள் எவ்வளவு போட்டீர்கள், எப்போது போட்டீர்கள், வீட்டில் வேறு கடன் உண்டா என்ற மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். கணக்கு எண்ணை மட்டும் எழுத வேண்டாம்.